புதுநன்மைப் படத்தில் ஒரு கறை

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பழைய படத்தைப் போட்டவர், சேதராப்பட்டில் ஒரு கம்பெனி வாசலில் காவல் வேலை பார்க்கும் நம் கூட்டாளிதான். இரண்டு ஷிப்டுக்கு நடுவில் அவருக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம். மாதா கோயில் வாசலில் இரண்டு வரிசையாகப் பதினோரு பேர் நிற்கிறோம். கையில் மெழுகுவர்த்தி, தலையில் காகிதப்பூ முடி. ஒரு முகத்திலும் சிரிப்பு இல்லை. படம் பிடிக்க வந்தவர் அசையாதீர்கள் என்று சொன்னதை, மூச்சு விடாதீர்கள் என்று நாம் எடுத்துக்கொண்டோம்.

படத்துக்குக் கீழே ஆளாளுக்குக் கேலி எழுதினீர்கள். முன்பல் இல்லாதவன் யார், அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தவன் யார் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. கடைசியில் நம்மில் ஒருத்தி கேட்டாள்: "ஏன்டி, உன் எடது தோள்ல இன்னாடி கறை?"

அதற்கு நான் எழுதும் முன்பே நீங்கள் நாலு பேர் "காக்கா" என்று எழுதிவிட்டீர்கள். ஐம்பது வருடத்துக்கு மேலாக நான் சொல்லிவந்த பதில் அது. பூசை முடிந்து வெளியே வந்தபோது காக்கா எச்சம் போட்டுவிட்டது என்று நானே சொல்லிச் சொல்லி, அந்தக் காக்காவின் முகம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிற அளவுக்கு ஆகிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள், அது பொய். பத்து வயதில் சொன்ன பொய்யை அறுபது தாண்டியும் கட்டிக்காக்க எனக்குத் தெம்பு இல்லை. இந்தக் கதையில் பாதியை நீங்களும் கூட இருந்து பார்த்தீர்கள். மீதியை இப்போது சொல்கிறேன்.

அந்த வருடம் தவக்காலமும் கரும்பு வெட்டும் ஒன்றாக வந்தன. சோரியாங்குப்பத்திலிருந்து பாகூர் வரைக்கும் சாலையெல்லாம் கரும்பு வண்டி. வண்டிக்குப் பின்னால் ஓடி ஒரு கழியை உருவிக்கொண்டு தோப்புக்குள் மறைவது நம் வேலை. நம் அப்பா அம்மாக்களில் முக்கால்வாசிப் பேர் வெட்டுக்குப் போயிருந்தார்கள். மாலையில் ஊருக்குள் வரும்போது எல்லோர் மேலும் கரும்புச் சுணை, சொறிந்து சொறிந்து சிவந்த கைகள்.

அப்போதுதான் புதுச் சாமியார் அந்த அறிவிப்பைச் செய்தார். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் டவுனிலிருந்து வருவாரே, அவர். பீடத்துக்குப் பின்னால் நின்று நம்மைப் பார்த்து, லத்தீனுக்குப் பதில் தமிழில் பூசை வைக்கிற வழக்கம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பெரியவர்கள் அதற்கே இன்னும் பழகவில்லை. இந்தத் தவக்காலத்தில் ஞானோபதேச வகுப்பு பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, ஊரில் எல்லோருக்கும் உண்டு என்றார். பால்குடிப் பிள்ளையை மடியில் வைத்திருப்பவள் முதல் கோலூன்றி வருகிறவர் வரை எல்லோரும் உட்கார வேண்டும். அதைவிடப் பெரிய குண்டு அடுத்து வந்தது. புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கப்போகிற பிள்ளையின் அப்பா, அம்மா இரண்டு பேரும் கேள்வி பதிலில் தேற வேண்டும். புதுநன்மை அன்று இரண்டு பேரும் பிள்ளையின் தோளில் கைவைத்து பீடம் வரைக்கும் கூட வந்து, தாங்களும் நன்மை வாங்க வேண்டும். ஒருவர் தேறவில்லை என்றாலும் பிள்ளைக்கு அடுத்த வருடம்தான்.

"கரும்ப யாரு வெட்றது? சாமி வந்து வெட்டுவாரா?" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். ஆனாலும் வந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோயில் வாசலில் வெட்டுக்கத்திகள் குவியலாகக் கிடக்கும். உள்ளே கரும்புச்சாறும் வேர்வையும் கலந்த வாசனை அடிக்கும்.

நடத்தியவர் நம் உபதேசியார். நம் அம்மாக்களுக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தவர். கையில் அட்டை கிழிந்த ஞானோபதேசப் புத்தகம், இன்னொரு கையில் புளிய விளாறு. அந்த விளாறு உங்களுக்கு மறந்திருக்காது. பேசியது ஒருவனாக இருக்கும், அடி வாங்குவது பக்கத்தில் இருந்தவனாக இருக்கும். உபதேசியாருக்கு யார்மேலோ இருக்கிற கோபம் யார்மேலோ விழுகிறது என்று நாம் பேசிக்கொள்வோம். அதற்குக் காரணம் வேறு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வயதுப்படி உட்கார வைக்க மாட்டேன், ஞானஸ்நானம், நன்மை என்று அவரவர் வாங்கிய தேவதிரவிய அனுமானப்படிதான் உட்கார வைப்பேன் என்று உபதேசியார் சொல்லிவிட்டார். உறுதிபூசுதல் வாங்கியவர்கள் கடைசிப் பாயில். நன்மை மட்டும் வாங்கியவர்கள் நடுப்பாயில். இன்னும் புதுநன்மையே வாங்காதவர்கள் முன்பாயில். அப்படி முன்பாயில் நாம் பதினோரு பேர், மூக்கொழுகிக்கொண்டிருந்த ஏழெட்டுக் குஞ்சு குளுவான்கள். அவர்களுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த ஒரே ஒரு பெரிய ஆள், என் அப்பா.

எனக்கு ஒரு வியாதி உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். எதையும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டேன். "ஒனக்கு வாயாடி இது, கேள்விக் குடோனு" என்பாள் அம்மா. நான் அதிக நாள் கேட்டு, பதிலே கிடைக்காத கேள்வி ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை கொடுக்க மணி அடித்ததும், அப்பா எழுந்து ஏன் வெளியே போகிறார்?

வாராவாரம் அது நடக்கும். மணி கேட்கும், அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கவாசல் வழியாகப் போவார். ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பீடி பிடிக்கத்தான் போகிறார் என்று நினைத்திருந்தேன். பீடியும் இல்லை ஒன்றும் இல்லை. புங்கமரத்தடியில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். கடைசிப் பாட்டு ஆரம்பித்ததும் உள்ளே வந்துவிட்டார். ஏம்பா என்று கேட்டால் "காத்தாட" என்பார். அம்மாவிடம் கேட்டால் "அவரையே கேளு" என்பாள்.

அவர் நன்மை வாங்காதவர் என்பது அந்த முன்பாயில்தான் எனக்கே தெரிந்தது. அப்பா பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். அம்மாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கியவர். அதோடு நின்றுவிட்டது. பண்ணைக்காரர் வீட்டு போர் கொட்டாயில் மோட்டார் பார்த்துக்கொள்வது அவருக்கு வேலை. கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது மோட்டாரைப் போட்டு, வயலுக்கும் கரும்புக்கும் தண்ணீர் திருப்ப வேண்டும். அவர் நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ் கறுப்பு இருக்கும்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், உயிரே போகிற அளவுக்கு வெட்கமாக இருந்தது. மூன்று வயதுப் பொடியன் ஒருவன் அப்பாவின் முட்டியில் தலைவைத்துத் தூங்கிவிட்டான். அவர் காலை அசைக்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நடுப்பாயில் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். நான் அவருக்கு மகள் இல்லாததுபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அந்தத் தகர டப்பாவை யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? டவுன் கன்னியர் மடத்தில் அப்பம் வட்டமாக வெட்டிய பிறகு மிச்சமாகும் ஓரங்களை ஒரு டப்பாவில் போட்டு அனுப்புவார்கள். மந்திரிக்காத வெறும் மாவு. நன்மை வாங்கும்போது எப்படி நாக்கை நீட்டுவது, எப்படிக் கடிக்காமல் விழுங்குவது என்று அதை வைத்துதான் நமக்குப் பழக்குவார்கள். பீடத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையின் அலமாரியிலிருந்து அந்த டப்பாவை எடுத்து வருவது என் பொறுப்பு. வழியில் இரண்டு துண்டு குறையும். முன்பாயில் வரிசையாக நாக்கில் வைத்துக்கொண்டே வந்த உபதேசியார் அப்பாவிடம் வந்ததும், அப்பா கையை நீட்டித் தடுத்தார்.

"வேணாம் உபதேசியாரே."

"வெறும் மாவுதாம்பா" என்றேன் நான், மெதுவாக.

"தெரியும்மா."

கேள்வி பதிலில் அப்பா ஒன்றும் மட்டம் இல்லை. ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவார். பத்துக் கற்பனைகளை, அதாவது பத்துக் கட்டளைகளை, நாம் நான்காவதோடு மறந்து நிற்போம், அவர் கடகடவென்று முடிப்பார். எல்லாம் சரியாகப் போய், அந்தக் கேள்வி வரும்போது மட்டும் வண்டி நின்றுவிடும்.

"திருச்சபையில் சேராமல் இறந்தவர்கள் மோட்சம் சேர்வார்களா?" என்று உபதேசியார் ராகம் போட்டுக் கேட்பார்.

"சேரமாட்டார்கள்" என்று நாம் எல்லோரும் கூரை அதிரக் கத்துவோம். இருக்கிற பதில்களிலேயே சின்னப் பதில் அது. அதனால் நமக்குப் பிடித்த பதிலும் அதுதான்.

அப்பா வாயைத் திறக்க மாட்டார்.

"ஒரு வார்த்தபா. சொல்லிட்டுப் போவியா?"

"இத்த வுட்டுட்டு அடுத்தத கேளுங்க."

"புடிச்சத எடுத்துக்கினு புடிக்காதத வுட்டுட்டுப் போவ இது இன்னா சந்தையா? பதினோரு வருசமா இதே கேள்வி, இதே வாயி. கலியாணத்தப்பவே பழைய சாமி கையில சொன்னேன், இந்த ஆளு இத்த சொல்லாம நன்மை குடுக்கக் கூடாதுன்னு." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒங்கப்பன் சொல்லலன்னா ஒனக்கும் இந்த வருசம் இல்ல. தெரிஞ்சிக்கோ."

அம்மா எனக்கு வெள்ளை கவுன் தைத்து முடித்து, பெட்டியில் மடித்து வைத்திருந்தாள். தினம் ஒரு தடவையாவது அதைத் தொட்டுப் பார்ப்பேன். நீங்கள் பத்துப் பேரும் வரிசையில் போக, நான் மட்டும் பாவாடை சட்டையோடு ஓரமாக நிற்பது கண்முன் வந்து, சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் அப்பாவுக்குக் கூழ் எடுத்துக்கொண்டு கொட்டாய்க்குப் போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் தண்ணீர் விழுகிற இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டும்.

"ஒரு வார்த்ததானப்பா. வாயால சொல்லிட்டு, மனசுல இல்லன்னு நெனச்சிக்கோ."

அப்பா சிரித்துவிட்டார். "இத்த யாரு சொல்லிக்குடுத்தா, உபதேசியாரா?"

"நானேதான் யோசிச்சேன்."

கூழைக் குடித்து முடித்து, தூக்கைக் கழுவிக் கொடுத்த பிறகுதான் பேசினார். "எங்கப்பன் சாவும்போது எனக்குப் பன்னெண்டு வயசு. காச்சல். மூணே நாளு. எனக்குப் போட்டுட்டு, மிச்சம் இருந்தாதான் அந்தாளு சாப்புடுவாரு. யாரு வூட்டு மாடு சேத்துல மாட்டினாலும் மொத ஆளா போய் நிப்பாரு. அவரு கிட்ட எந்த சாமியாரும் வந்து எதையும் சொல்லல. சொல்லியிருந்தா கேட்டிருப்பாரு. அவரு மோட்சம் சேரமாட்டாருன்னு நான் என் வாயால சொல்லணுமாம். எங்கப்பன நானே வெளிய தள்ளி கதவ சாத்தணுமாம்."

"அப்ப என் புதுநன்மை?"

அப்பா மோட்டார் பெல்ட்டைப் பார்த்தார், நட்டைத் திருகினார். அப்புறம், "அம்மா கவுன் தெச்சிட்டாளா?" என்று கேட்டார். தைத்துவிட்டாள் என்றேன். தலையாட்டினார். முகத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. நான் கண்ணால் பார்த்தேயிராத அந்தத் தாத்தாமேல் கோபம் கோபமாக வந்தது.

இனி நீங்கள் பார்க்காத பாதி.

முன்பாயில் நான் உட்கார்ந்திருந்தது உபதேசியாரின் காலடியில். அவர் கையில் விரித்துப் பிடித்திருக்கும் புத்தகத்தைக் கீழேயிருந்து பார்க்க முடியும். கற்பனைகள் நடத்திய அன்றும் ஒரு படகுப் படம் போட்ட பக்கம்தான் விரிந்திருந்தது. பாவசங்கீர்த்தனம் நடத்திய அன்றும் அதே படகுதான். மனுஷன் பக்கமே திருப்பவில்லை. எல்லாம் மனப்பாடம், சும்மா ஒரு கெத்துக்குப் புத்தகம் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. டப்பா எடுக்கப் போகும் அலமாரியில், அடித்தட்டில், சணல் கட்டியபடியே புத்தகக் கட்டுகள் கிடந்தன. புத்தம் புதிது. புதுப் புத்தகம் இருக்கும்போது ஏன் அட்டை கிழிந்ததைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்?

ஒருநாள் சணலுக்கு அடியிலிருந்து ஒன்றை உருவி, பாவாடைக்குள் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். பாவசங்கீர்த்தனத்துக்குச் சொல்ல நமக்கெல்லாம் பாவமே கிடைக்காமல் திண்டாடினோமே. நம்மில் ஒருவர் என்னிடம் வந்து கரும்பு திருடியதை இரவல் வாங்கிப் போனாரே. எனக்கு அந்தக் கவலை அன்றோடு தீர்ந்தது. கோயிலிலேயே திருடியாயிற்று.

அதுவும் ஞானோபதேசப் புத்தகம்தான், புதிதாக அச்சடித்தது. வரப்பில் உட்கார்ந்து கேள்வி கேள்வியாகப் பார்த்துக்கொண்டு போனேன். சில கேள்விகள் அப்படியே இருந்தன. சில கேள்விகளில் வார்த்தை மாறியிருந்தது. நான் தேடிய கேள்வியை மட்டும் காணவில்லை. பின்னாலிருந்து முன்னால் ஒரு தடவை பார்த்தேன். இல்லவே இல்லை.

ஓடினேன். கொட்டாயில் மோட்டார் நின்றிருந்தது. "அப்பா, அந்தக் கேள்வி இல்லப்பா! எடுத்துட்டாங்கப்பா!"

அவர் நம்பவில்லை. மொத்தப் புத்தகத்தையும் படிக்கச் சொன்னார். படித்தேன். "இன்னொரு வாட்டி பாரு. பக்கம் ஒட்டிக்கினு இருக்கப் போவுது" என்றார். அவரே வாங்கி, ஒவ்வொரு தாளையும் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். எதுவும் ஒட்டியிருக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் கிரீஸ் ரேகைதான் விழுந்தது.

"அப்ப நீ தேறிட்டப்பா!" என்று குதித்தேன்.

அப்பா குதிக்கவில்லை. தொட்டிக் கட்டையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டார். அவருக்கு ஏன் சந்தோஷம் வரவில்லை என்று எனக்குப் புரியவே இல்லை. ஏன் என்று கேட்கலாமா என்று நினைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்காமல் திரும்பி வந்தேன்.

கேள்வி கேட்கும் நாளன்று நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். சாமியார் நாற்காலியில், மடியில் புதுப் புத்தகம். உபதேசியார் பக்கத்தில் நின்றார். எதைக் கேட்டாலும் "ஏழு" என்று பதில் சொன்ன, நம்மில் ஒருவரின் அம்மாவை இன்றைக்கும் நாம் கேலி செய்கிறோம். தேவதிரவிய அனுமானம் எத்தனை என்று சாமியாரே கடைசியில் கேட்டு அவரைத் தேற்றிவிட்டார்.

அப்பாவிடம் ஐந்து கேள்வி கேட்டார். ஐந்துக்கும் டக்கென்று பதில் வந்தது.

"நல்லா சொல்றீங்களே. தேறிட்டீங்க, உட்காருங்க" என்றார் சாமியார்.

எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. அப்பா உட்காரவில்லை.

"சாமி, ஒரு கேள்வி பாக்கி இருக்குது."

"எது?"

அப்பா அந்தக் கேள்வியைச் சொன்னார். கேள்வியை மட்டும்.

"அது இப்ப இல்லையே. புத்தகமே மாறிப்போச்சே" என்றார் சாமியார்.

"இல்லியா?" அந்தக் குரல் உபதேசியாருடையது. அவரிடமிருந்து அப்படி ஒரு மெலிந்த குரல் வந்து நான் கேட்டதில்லை.

"புதுசு மூணு கட்டு அனுப்பி ரெண்டு வருஷம் ஆகுதே, உபதேசியாரே. நீங்க பிரிக்கலையா?"

கோயிலில் இருந்த எல்லோரும் உபதேசியாரைப் பார்த்தார்கள். அவர் கையை நீட்டித் தூணைத் தேடிப் பிடித்துக்கொண்டார். சோம்பேறித்தனம் என்று சிலர் சொன்னார்கள், திமிர் என்று சிலர் சொன்னார்கள். நாமும் அப்படித்தான் பேசினோம்.

அப்பா அவரைப் பார்க்கவில்லை. சாமியாரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப இல்லன்னா செரி சாமி. அப்ப இத்தினி வருசமா எங்கப்பன் எங்க இருந்தாரு?"

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டார். அவர் ஏதாவது பெரிய வார்த்தை சொல்லுவார் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

"எனக்குத் தெரியலப்பா" என்றார். "ஆனா அவர வெளிய நிறுத்துற உரிமை எங்க யாருக்கும் இருந்ததில்ல. அது மட்டும் தெரியும்." பிறகு, "உங்கப்பா பேரென்ன?" என்று கேட்டார்.

"அய்யனாரு."

பின்பாயில் யாரோ களுக்கென்று சிரித்து அடங்கினார்கள்.

"உபதேசியாரே, கேட்டுக்கிட்டீங்களா?"

உபதேசியார் தூணை விடாமல் நின்றார்.

அப்பா தேறிவிட்டார் என்று நீங்கள் எல்லோரும் வந்து என் முதுகில் தட்டினீர்கள். வீட்டில் நிலைமை வேறு. பாவசங்கீர்த்தன வரிசையில் அப்பா போய் நின்றார், உண்மைதான். ஆனால் "ஞாயித்துக்கெழம நன்மை வாங்குவீங்கதான?" என்று அம்மா கேட்டதற்கு, "பாக்கலாம்" என்றார். அவர் வாங்கவில்லை என்றால் எனக்கும் இல்லை. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நானும் அம்மாவும் ஒரு வாரம் ஓட்டினோம்.

அந்த வாரத்தில்தான் உபதேசியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கோயிலில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"அலமாரியிலருந்து ஒரு புஸ்தகம் கொறையுது. நீதான?"

நான் கையை நீட்டினேன். விளாறுக்குத்தான். அவர் அதை எடுக்கவில்லை. கட்டிலிருந்து ஒரு புதுப் புத்தகத்தை என் கையில் வைத்தார்.

"படி."

"எந்தப் பக்கம்?"

"மொதல்லருந்து."

பக்கத்தில் உட்கார்ந்து படித்தபோதுதான் அவர் கண்ணைக் கிட்டத்தில் பார்த்தேன். இரண்டு கருவிழியிலும் வெள்ளை படர்ந்திருந்தது. எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. தப்பான ஆள்மேல் விழும் விளாறு, திரும்பாத பக்கம், பிரிக்காத கட்டு. கண் போய்விட்டது என்று தெரிந்தால் உபதேசியார் வேலையை எடுத்துவிடுவார்களோ என்று, மனப்பாடத்தில் இருந்ததை வைத்தே நடத்திவந்திருக்கிறார். அவர் மனதில் இருந்ததோ பழைய புத்தகம். "யாரு கையிலயும் சொல்லாதம்மா" என்றார். "அம்மா" என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இன்றுவரை சொல்லவில்லை.

மூன்று சாயங்காலம் படித்தேன். நான் ஒரு வரி படிக்க, அவர் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வார். முடிந்ததும் கேட்டார்: "அந்தக் கேள்வி நெசமாவே இல்லியா?"

"இல்ல உபதேசியாரே."

"நாப்பது வருசமா சொல்லிக்குடுத்தனே" என்றார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. புத்தகத்தை என்ன செய்வது என்று தெரியாமல் நானும் உட்கார்ந்திருந்தேன்.

புதுநன்மை ஞாயிறு. அன்று விடியற்காலை கரண்ட் வந்து தொலைத்தது. அப்பா கொட்டாய்க்குப் போய் மோட்டாரைப் போட்டு, கழன்ற பெல்ட்டை மாட்டிவிட்டு, ஓட்டமாக ஓடி வந்து பூசை ஆரம்பித்த பிறகுதான் பின்னால் வந்து உட்கார்ந்தார். வேட்டி மட்டும் வெள்ளையாக இருந்தது.

பூசை நடுவில் இறந்தவர்களை நினைக்கிற இடம் வரும். உபதேசியார் ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரில் செத்துப்போனவர்களின் பெயரை வாசிப்பார். வாசிக்கிறார் என்று நீங்கள் நினைத்தீர்கள். அந்தத் தாளில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தோணி, சூசை, ஆரோக்கியம், தெரசம்மாள் என்று எல்லாப் பெயரும் அவர் நெஞ்சிலிருந்து வந்தது. எப்போதும் முடிக்கும் பெயரில் வந்து நின்றார். தாளை மடித்தார். சாமியார் அடுத்த ஜெபத்துக்கு வாயெடுக்கும்போது, உபதேசியார் குரலை உயர்த்தி இன்னொரு பெயரைச் சொன்னார்.

"அய்யனார்."

கோயிலே திரும்பிப் பார்த்தது. அம்மா என் தோளை அழுத்திப் பிடித்தாள்.

மணி அடித்தது. நாம் பதினோரு பேரும் எழுந்து வரிசையில் நின்றோம். உங்களுக்கெல்லாம் பின்னால் இரண்டு பேர். எனக்குப் பின்னால் அம்மா மட்டும். திரும்பக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா எழுந்தார், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வழக்கம்போலப் பக்கவாசல் வழியாக வெளியே போனார்.

என் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. முன்னால் ஏழு பேர் இருந்தார்கள். வரிசை நகர்ந்தது. நான்கு பேர். வெளியே குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. இரண்டு பேர். உபதேசியார் என்னை இழுத்து ஓரமாக நிறுத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். அப்போது என் இடது தோளில் ஈரமாக, கனமாக ஒரு கை வந்து உட்கார்ந்தது. கை கழுவத்தான் போயிருக்கிறார். முகத்திலிருந்து சொட்டிய தண்ணீர் என் காகிதப்பூ முடியில் விழுந்தது.

என் நாக்கில் சாமியார் வைத்ததில் மடத்து டப்பாவில் இருந்த அதே ருசிதான். நான் கவனித்தது அதை இல்லை. அடுத்து சாமியார் என் தலைக்கு மேலாகக் கையை நீட்டினார். "ஆமென்" என்று அப்பா சொன்னார். இந்த வரப்பில் நின்று அந்த வரப்பில் இருப்பவருக்குப் பதில் சொல்வதுபோல, அவ்வளவு சத்தமாகச் சொன்னார்.

வெறும் தண்ணீருக்குக் கிரீஸ் போகாது. அம்மா சீயக்காய் போட்டுப் பார்த்தாள், மண்ணெண்ணெய் போட்டுப் பார்த்தாள். அப்புறம் அந்த இடத்தில் ஒரு துணிப்பூவைத் தைத்துவிட்டாள். அதே கவுனைப் போட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் மூன்று பெண்கள் புதுநன்மை வாங்கினார்கள். இப்போது கவுன் எங்கே போயிற்றென்று தெரியாது. கொட்டாய் இருந்த இடத்தில் மனைப்பிரிவுக் கல் நட்டிருக்கிறார்கள். அப்பாவும் இல்லை, உபதேசியாரும் இல்லை.

காக்கா என்று ஏன் சொன்னேன் என்று கேட்பீர்கள். அப்பா கை என்று சொன்னால், அவர் ஏன் வெளியே போய் நின்றார் என்று கேட்பீர்கள். அதைச் சொன்னால் உபதேசியாரின் கண்ணையும் சொல்ல வேண்டிவரும். சொல்லமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். இப்போது அவர் கோபிக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

கறை என்று கேட்டாயே, அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார். என் இடது தோளில், கழுத்துப் பட்டைக்குக் கீழே. எண்ணிப் பார், நாலு விரல் இருக்கும்.